ஃப்ரீமேசன் லாட்ஜில் சேர நினைக்கும் சேலத்துக்காரருக்கு: படிவம், செலவு, நாள் கணக்கு

சேலத்தில் ஒருவர் ‘லாட்ஜுக்குப் போகிறேன்’ என்று சொன்னால், கேட்பவருக்குப் புதிய பேருந்து நிலையத்தைச் சுற்றி வாடகைக்கு விடப்படும் அறைகள்தான் நினைவுக்கு வரும். மாதத்தில் ஒரு நாள் மாலையில் கோட்டு மாட்டிக்கொண்டு ‘லாட்ஜுக்கு’ப் புறப்பட்ட என்னை என் மைத்துனர் இரண்டு மாதம் சந்தேகத்தோடுதான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போனது ஃப்ரீமேசன்கள் என்ற சகோதர அமைப்பின் கூட்டத்துக்கு; அதன் உள்ளூர்க் கிளைக்கும் ‘லாட்ஜ்’ என்றுதான் பெயர். அந்தக் குழப்பத்தை நானே வரவழைத்துக்கொண்டேன். ஃப்ரீமேசன்களை ரகசியச் சங்கம் என்று கேள்விப்பட்டிருந்ததால், எதையும் யாரிடமும் கேட்கக் கூடாது, வீட்டிலும் சொல்லக் கூடாது என்று நானாக முடிவு செய்துகொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஆறு மாதத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை எனக்குப் பதினான்கு மாதம் பிடித்ததற்கு அந்த மௌனம்தான் பெரிய காரணம்.

அங்கே மறைத்து வைக்கப்படுபவை, உறுப்பினர்கள் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்ளும் கைப்பிடிகள், சொற்கள், சைகைகள் ஆகியவைதான். கட்டணம் எவ்வளவு, கூட்டம் எந்த நாள், படிவத்தில் என்ன கேட்பார்கள், என்ன உடுத்த வேண்டும் என்பனவற்றைச் சேருவதற்கு முன்பே தாராளமாகக் கேட்கலாம். நான் கேட்காமல் விட்டவற்றைக் கீழே வரிசையாக எழுதியிருக்கிறேன். காக்க வேண்டியவற்றைத் தொடவில்லை.

1. உங்களுக்குத் தகுதி உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள்

இருபத்தொரு வயது நிறைந்த ஆணாக இருக்க வேண்டும். கடவுள் ஒருவர் உண்டு என்ற நம்பிக்கை வேண்டும். அந்தக் கடவுள் யார், எந்த மதம் என்று கேட்பதில்லை. நேர்முகத்தில் நேரடியாகக் கேட்கப்படும் ஒரே நம்பிக்கை சார்ந்த கேள்வி அதுதான் என்பதால், நாத்திகக் கொள்கை உடையவர்கள் பெயருக்கு ஆமாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போக வேண்டாம். பின்னால் உறுதிமொழி எடுக்கும்போது அது உங்களுக்கே சங்கடமாக இருக்கும்.

ஏற்காட்டிலும் சேலத்திலும் கத்தோலிக்க நண்பர்கள் பலர் இருப்பதால் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். கத்தோலிக்கர்கள் மேசன்களாகச் சேருவதைத் திருச்சபை தடை செய்கிறது. 1983 நவம்பரில் வாத்திக்கன் வெளியிட்ட அறிக்கையில் இருந்த அந்த நிலைப்பாடு 2023 நவம்பரில் மீண்டும் உறுதிப்படுத்தப்பட்டது. லாட்ஜ் உங்களைத் தடுக்காது. ஆனால் உங்கள் பங்குத்தந்தையிடம் பேசாமல் படிவத்தில் கையெழுத்திட வேண்டாம்.

பெண்களுக்கு இந்த லாட்ஜுகளில் இடமில்லை. ஆணையும் பெண்ணையும் சமமாகச் சேர்க்கும் கோ-மேசன்ரி என்ற தனி அமைப்பு அன்னி பெசன்ட் காலத்திலிருந்தே இந்தியாவில் இருக்கிறது. ஆனால் கீழே நான் எழுதும் நடைமுறை அதற்குப் பொருந்தாது.

2. சரியான கதவைத் தட்டுங்கள்

பல லாட்ஜுகளுக்கு மேலே இருக்கும் தலைமை அமைப்புக்கு கிராண்ட் லாட்ஜ் என்று பெயர். இந்தியாவில் பெரும்பாலான லாட்ஜுகள் 1961-இல் உருவான கிராண்ட் லாட்ஜ் ஆஃப் இந்தியாவின் கீழ் இயங்குகின்றன. அதன் தலைமையகம் டெல்லியில் இருக்கிறது. தென்மண்டலத்தின் அலுவலகம் சென்னை எழும்பூரில் உள்ள ஃப்ரீமேசன்ஸ் ஹாலில் இருக்கிறது. அந்த ஆண்டில் பிரிந்து வராமல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து அமைப்புகளின் கீழேயே நின்றுவிட்ட சில லாட்ஜுகளும் நாட்டில் உண்டு. எனவே யாரிடம் பேசினாலும் ‘உங்கள் லாட்ஜ் எந்த கிராண்ட் லாட்ஜின் கீழ் வருகிறது, அதன் எண் என்ன’ என்ற கேள்வியை முதலில் கேளுங்கள். ஒவ்வொரு லாட்ஜுக்கும் ஓர் எண் உண்டு. அதைச் சொல்லத் தயங்குபவரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

பெரிய பொறி இந்த இடத்தில்தான் இருக்கிறது. ‘இல்லுமினாட்டியில் சேருங்கள், கார், வீடு, மாதம் லட்சக்கணக்கில் பணம்’ என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்திகள் அத்தனையும் மோசடி. இல்லுமினாட்டி என்ற சங்கம் 1776-இல் பவேரியாவில் தொடங்கி, பத்து ஆண்டுகளுக்குள் அந்நாட்டு அரசின் தடையால் முடிந்துபோனது. என் கொலுசுப் பட்டறையில் வேலை பார்த்த ஒரு பையன் ‘பதிவுக் கட்டணம்’ என்று 4,999 ரூபாய் அனுப்பிவிட்டு, அடுத்ததாகச் ‘சடங்குப் பெட்டி’க்குப் பன்னிரண்டாயிரம் கேட்டபோதுதான் என்னிடம் வந்து சொன்னான். உண்மையான லாட்ஜ் உங்களைத் தேடி வராது. வாக்கெடுப்பு முடிவதற்கு முன்பே தெரியாத ஒருவரின் கைபேசி எண்ணுக்குப் பணம் அனுப்பச் சொல்லவும் சொல்லாது. பணம் போய்விட்டிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே அழையுங்கள்.

சேருவதற்கு நீங்களாகக் கேட்க வேண்டும் என்பது மரபு. உங்களை நன்கு அறிந்த இரண்டு உறுப்பினர்கள் வேண்டும். ஒருவர் முன்மொழிவார், மற்றவர் வழிமொழிவார். எனக்கு முன்மொழிந்தவர் ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருக்கும் பெரியவர். பேத்திக்குக் கொலுசு வாங்க செவ்வாய்ப்பேட்டைக்கு வந்தவருடைய மோதிரத்தில் ஃப்ரீமேசன்களின் சின்னமான மூலைமட்டமும் கவராயமும் பொறித்திருந்தன. தொழில் புத்தியில் மோதிரத்தின் எடையைக் கேட்கத் தொடங்கி, பிறகு அந்தச் சின்னம் என்ன என்று கேட்டேன். ‘இத்தனை வருசத்துல நீங்கதான் முதல் ஆளா கேட்டிருக்கீங்க’ என்றார். தெரிந்தவர் யாரும் இல்லையென்றால், சென்னை மண்டல அலுவலகத்துக்கு எழுதுங்கள். உங்கள் ஊருக்கு அருகிலுள்ள லாட்ஜின் செயலாளருக்கு அனுப்பி வைப்பார்கள். அந்த வழியில் அவர்கள் உங்களோடு பழகிப் பார்க்கவே சில மாதங்கள் ஆகும்.

3. வீட்டில் சொல்லிவிடுங்கள்

படிவம் வாங்குவதற்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது. விசாரணைக் குழுவினர் வீட்டுக்கு வருவார்கள். மனைவிக்குச் சம்மதமா, செலவு குடும்பத்தைப் பாதிக்காதா என்று அவரிடமே கேட்பார்கள். என் மனைவிக்கு அன்றுதான் விஷயமே தெரிந்தது. அவர் காபி கொடுத்து உபசரித்துவிட்டு, ‘எனக்கு எதுவும் தெரியாதுங்க’ என்று உண்மையைச் சொன்னார். என் விண்ணப்பம் மூன்று மாதம் ஒத்திவைக்கப்பட்டது.

இன்னொன்று: கூட்ட அழைப்புக் கடிதத்துக்கு அங்கே ‘சம்மன்ஸ்’ என்று பெயர். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அதையும் முன்கூட்டியே விளக்கிவிடுங்கள். தபாலில் சம்மன் வந்திருக்கிறது என்று கேட்டதும் என் அம்மா வழக்கறிஞரான தன் தம்பிக்குப் போன் போட்டுவிட்டார்.

4. படிவத்தையும் ஆவணங்களையும் ஒரே பெயரில் வையுங்கள்

என்னிடம் கேட்டவை: ஆதார் நகல், பான் அட்டை நகல், முகவரிச் சான்று, பாஸ்போர்ட் அளவுப் புகைப்படங்கள். லாட்ஜைப் பொறுத்து ஒன்றிரண்டு கூடலாம், குறையலாம். எல்லாவற்றிலும் இரண்டு படிகள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புகைப்படம் மட்டும் ஆறாக எடுத்துவிடுங்கள், பிறகும் தேவைப்படும்.

நம் ஊர்க்காரர்கள் வழுக்கி விழும் இடம் தலைப்பெழுத்து. என் ஆதாரில் பெயருக்குப் பின்னால் தலைப்பெழுத்து இருந்தது. பான் அட்டையில் அதே இடத்தில் அப்பாவின் முழுப்பெயர் இருந்தது. படிவத்திலோ ‘குடும்பப் பெயர்’ என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் ஊர்ப் பெயரை எழுதிவிட்டேன். மூன்றும் மூன்று ஆட்களைப் போல இருந்ததால் படிவம் திரும்பி வந்தது. ஆதாரில் எப்படி இருக்கிறதோ எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதுங்கள். தலைப்பெழுத்தை விரிக்கச் சொன்னால் அப்பாவின் பெயரை மட்டும் விரியுங்கள். இந்தப் பெயரில்தான் பிற்பாடு உங்கள் சான்றிதழ் அச்சாகும்.

படிவத்தில் இருக்கும் கேள்விகளில் இரண்டை நிதானமாகப் படியுங்கள். இதற்கு முன் வேறு லாட்ஜில் விண்ணப்பித்து மறுக்கப்பட்டதுண்டா என்பது ஒன்று; குற்ற வழக்கு ஏதேனும் உண்டா என்பது மற்றொன்று. ஒரு காசோலை வழக்கு இருந்து சமரசமாக முடிந்திருந்தால்கூட எழுதிவிடுங்கள். அதற்காக மறுத்துவிடுவார்களோ என்று மறைத்து, பின்னால் வேறு வழியில் தெரியவந்தால், உங்களை முன்மொழிந்தவர் தலைகுனிய வேண்டியிருக்கும். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், பண லாபத்தை எதிர்பார்க்காமல், நானாக விரும்பிச் சேருகிறேன் என்று ஓர் உறுதிமொழியிலும் கையெழுத்திடுவீர்கள். வாடிக்கையாளர் கிடைப்பார்கள், அதிகாரிகளின் பழக்கம் கிடைக்கும் என்ற கணக்கோடு வருகிறவர்கள் இந்த வரியிலேயே திரும்பிவிடுவது நல்லது; உள்ளே வந்தபின் வியாபார அட்டையை நீட்டினால் முகம் சுளிப்பார்கள்.

5. விசாரணை, வாக்கெடுப்பு: நாள் கணக்கு

படிவம் போனதும் இரண்டு மூன்று உறுப்பினர்கள் உங்களைச் சந்திப்பார்கள். அவர்களுடைய அறிக்கை நல்லபடியாக இருந்தால் ஒரு கூட்டத்தில் உங்கள் பெயர் வாசிக்கப்படும். உங்கள் பெயர், வயது, தொழில், முகவரி எல்லாம் சம்மன்ஸில் அச்சாகி எல்லா உறுப்பினர்களுக்கும் போகும். அடுத்து வரும் கூட்டத்தில் வாக்கெடுப்பு. இது சீட்டில் எழுதிப் போடும் வாக்கு இல்லை; பெட்டிக்குள் கைவிட்டு வெள்ளைக் குண்டையோ கருப்புக் குண்டையோ போடுவார்கள். யார் எதைப் போட்டார் என்று யாருக்கும் தெரியாது. எத்தனை கருப்புக் குண்டுகள் விழுந்தால் மறுப்பு என்பது விதிகளில் இருக்கும். எப்படியிருந்தாலும் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கும். ஆகவே வாக்கெடுப்புக்கு முன் உறுப்பினர்கள் நடத்தும் பொது நிகழ்ச்சி ஏதேனும் இருந்தால், முன்மொழிந்தவருடன் போய் நாலு பேருக்கு முகம் காட்டிவிடுங்கள்.

சேலத்தைப் பொறுத்தவரை எந்த மாதத்தில் தொடங்குகிறீர்கள் என்பது முக்கியம். எங்கள் உறுப்பினர்களில் சேர்வராயன் மலைத் தோட்டக்காரர்கள் பலர். நவம்பரில் காபிப் பழம் பறிக்கத் தொடங்கினால் ஜனவரி வரை அவர்களை மலையிலிருந்து இறக்க முடியாது. நான் அக்டோபர் கடைசியில் படிவம் கொடுத்தேன்; என்னை விசாரிக்க வேண்டிய இருவரும் பிப்ரவரியில்தான் கண்ணில் பட்டார்கள். பிப்ரவரியிலோ ஜூனிலோ கொடுத்தவர்களுக்கு நான்கைந்து மாதத்தில் முடிந்திருக்கிறது. புதிய தலைவர் பதவியேற்கும் மாதத்திலும் வேறு எந்த வேலையும் நடக்காது. அது எந்த மாதம் என்று செயலாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

6. செலவை எழுத்தில் வாங்குங்கள்

ஒவ்வொரு லாட்ஜுக்கும் அச்சிட்ட பை-லா, அதாவது விதித் தொகுப்பு, உண்டு. கட்டணங்கள் அதில் இருக்கும். ‘அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று அன்பாகச் சொல்வார்கள். அந்த அன்பை ஏற்றுக்கொண்டு, கணக்கை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சேர்க்கைக் கட்டணம் ஒருமுறை. ஆண்டுச் சந்தா தனி. கூட்டத்துக்குப் பிந்தைய விருந்துக்குத் தலைக்கு இவ்வளவு என்று தனி. அறக்கொடைப் பெட்டியில் போடுவது உங்கள் விருப்பம். இவற்றோடு கருப்புக் கோட்டு, வெள்ளைச் சட்டை, கருப்பு டை, வெள்ளைக் கையுறை, கருப்பு ஷூ. கோட்டும் பேண்ட்டும் தைக்க எனக்கு 8,500 ரூபாய் ஆனது. எல்லாம் சேர்த்து முதல் ஆண்டில் முப்பத்தைந்தாயிரத்துக்குச் சற்று மேல் போயிற்று. கூட்டத்தில் இடுப்பில் கட்டும் ஏப்ரனை முதலிலேயே வாங்கிவிடாதீர்கள். உறுப்பினர் ஏறும் மூன்று படிகளுக்கும் அது வேறுபடும். முதல் படியில் வெறும் வெள்ளை, இரண்டாம் படியில் இரண்டு நீல ரோஜா முடிச்சு, மூன்றாம் படியில் நீலக்கரை என்று மாறிக்கொண்டே போகும். முதல் இரண்டையும் லாட்ஜிலேயே கட்டிக்கொள்ளக் கொடுப்பார்கள்.

7. முதல் நாள்: உடம்பில் ஒரு பொட்டு உலோகம் இருக்கக் கூடாது

இதை நீளமாக எழுதுவதற்கு மன்னியுங்கள். எனக்கு இங்கேதான் மானம் போனது.

கூட்ட அறைக்கு வெளியே காவல் நிற்பவருக்கு டைலர் என்று பெயர். புதியவரை வெளி அறையில் வைத்து ஆயத்தப்படுத்துவது அவருடைய பொறுப்பு. பணம், சாவி, கைக்கடிகாரம், மோதிரம், பெல்ட் பக்கிள் என்று உலோகமாக எது இருந்தாலும் கழற்றச் சொல்வார். சாலமோனின் ஆலயம் எழும்பியபோது அங்கே இரும்புக் கருவியின் ஓசை கேட்கவில்லை என்று விவிலியத்தில் வரும் செய்தியோடு இதைத் தொடர்புபடுத்திச் சொல்வார்கள். இன்னொரு காரணமும் உண்டு. அது சடங்கின் நடுவில் உங்களுக்கே புரியும். இங்கே சொல்லி அந்த நிமிடத்தைக் கெடுக்க மாட்டேன்.

‘வேற எதுவும் இல்லீங்களே?’ என்று டைலர் மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் இல்லை என்றேன். சட்டையைத் தளர்த்தும்போதுதான் இடுப்பில் அரைஞாண் கொடி கையில் தட்டுப்பட்டது. பட்டறையில் என் கையாலேயே செய்த வெள்ளிக் கொடி; ஆண்டுக்கணக்கில் உடம்பிலேயே கிடந்ததால் இருப்பதே மறந்துபோயிருந்தது. கொக்கி நெளிந்து இறுகியிருந்தது, கழலவில்லை. உள்ளே நாற்பது பேர் காத்திருக்க, டைலர் கீழே போய்த் தன் கார் டூல்ஸ் பையிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்து வந்தார். வெள்ளித் தொழில் செய்கிறவனின் அரைஞாணை இன்னொருவர் நறுக்கென்று வெட்டினார். கூட்டம் இருபது நிமிடம் தாமதம். ஆகவே அரைஞாண், தாயத்து, கழுத்துச் சங்கிலி, கழலாத மோதிரம் எல்லாவற்றையும் முந்தின நாள் இரவே சோப்புப் போட்டோ பத்தரிடம் காட்டியோ கழற்றி வீட்டில் வைத்துவிடுங்கள். நூலில் கட்டிய அரைஞாண் கயிறாக இருந்தால் பிரச்சினை இல்லை. அதில் கோத்த வெள்ளிக் குண்டுமணியைப் பாருங்கள்.

அடுத்தது பேண்ட். ஒரு கால் முழங்காலுக்கு மேல் சுருட்டப்படும், சட்டையின் ஒரு பக்கம் திறக்கப்படும், ஒரு காலில் செருப்பு மாற்றப்படும், கண் கட்டப்படும், கழுத்தில் ஒரு கயிறு இருக்கும். இவை பல புத்தகங்களில் அச்சாகி வந்துவிட்டவை என்பதால் சொல்கிறேன். இந்தக் காலத்து இறுக்கமான பேண்ட் கெண்டைக்காலைத் தாண்டாது. கால் அகலமான பேண்ட்டாகத் தையுங்கள், முழுக்கப் பொத்தான் வைத்த சட்டை போடுங்கள், உள்பனியனைத் தவிர்த்துவிடுங்கள். முழங்கால் வலி, சர்க்கரை, கண்ணைக் கட்டினால் மூச்சு முட்டும் பயம் எதுவாக இருந்தாலும் செயலாளரிடம் முன்பே சொல்லிவிட்டால் தக்கபடி செய்துகொடுப்பார்கள். யாரும் உங்களைக் கேலி செய்ய மாட்டார்கள், கேலிக்கதைகளில் வருவதுபோல் ஆட்டைக் கொண்டுவந்து நிறுத்த மாட்டார்கள். கல்லூரி ராகிங்கை மனத்தில் வைத்துக்கொண்டு போகாதீர்கள்.

உறுதிமொழி உங்கள் வேதத்தின் மீது எடுக்கப்படும். கீதை, குர்ஆன், பைபிள் என்று எங்கள் லாட்ஜில் பல நூல்கள் அருகருகே திறந்திருக்கும். உங்களுக்கு எது என்று ஒரு வாரம் முன்பே சொல்லிவையுங்கள். திருவாசகத்தின் மீது எடுக்கலாமா என்று நான் அன்று மாலை கேட்டேன். தேடி எடுத்துவர நேரமில்லாததால் கீதையே அமைந்தது.

8. மூன்று படிகள், மனப்பாடம்

முதல் படி, இரண்டாம் படி, மூன்றாம் படி என்று மூன்று சடங்குகள். ஆங்கில மரபில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே குறைந்தது நான்கு வாரம் இருக்க வேண்டும். எங்கள் லாட்ஜில் நடைமுறையில் இரண்டு மூன்று மாதம் ஆகிறது. இரண்டாம், மூன்றாம் படிகளுக்கு முன் எல்லோர் முன்னிலையிலும் சில கேள்விகளுக்கு நீங்கள் மனப்பாடமாக விடை சொல்ல வேண்டும். எங்கள் லாட்ஜில் சடங்கு முழுவதும் பழைய ஆங்கிலத்தில் நடக்கிறது. பத்தாம் வகுப்போடு பட்டறைக்கு வந்தவன் நான். முதல் வாசிப்பில் பாதிச் சொற்களுக்குப் பொருள் தெரியவில்லை. முன்மொழிந்த பெரியவர் என்னை ஏற்காட்டுக்கு வரச்சொல்லி, காபிக் களத்தில் நடந்துகொண்டே ஒவ்வொரு வரிக்கும் தமிழில் பொருள் சொன்னார். பொருள் பிடிபட்டபின் சொல் தானாக நின்றது. தமிழ் எழுத்தில் எழுதி வைத்துப் படிக்கலாமா என்றால், விதிப்படி எதுவும் எழுதக் கூடாது. எனவே உங்கள் வழிகாட்டியிடம் கேட்டு, அச்சிட்ட புத்தகத்தை அவர் கொடுத்தால் அதையே பயன்படுத்துங்கள். ஒரு நாளைக்கு இரண்டு விடை, மூன்று வாரம் என்று கணக்கு வைத்துக்கொண்டால் போதும். தடுமாறினால் அருகில் நிற்கும் டீக்கன் என்ற லாட்ஜ் அலுவலர் எடுத்துக்கொடுப்பார். அதற்காகத்தான் அவர் அங்கே நிற்கிறார்.

உள்ளே நடமாடும்போது நினைவில் வைக்க வேண்டியவை கொஞ்சம்தான். வெளியில் உள்ள பதிவேட்டில் கையெழுத்திடுங்கள். கைபேசியை அணைத்துவிடுங்கள். கிழக்கில் அமர்ந்திருக்கும் தலைவரை நோக்கி எழுந்து நின்று பேசுங்கள். மதத்தையும் அரசியலையும் வாயில் எடுக்காதீர்கள். தேர்தல் காலத்தில் நம் ஊரில் இதுதான் மிகக் கடினமான சடங்கு.

9. விருந்தும் திரும்பும் வழியும்

கூட்டம் முடிந்ததும் விருந்து உண்டு. வாழ்த்துச் சொல்லி மது அருந்துவார்கள். பழச்சாற்றை உயர்த்தினாலும் யாரும் கேட்க மாட்டார்கள். சைவம் என்றால் வருகையை உறுதிசெய்யும்போதே சொல்லுங்கள், அங்கே போய்ச் சொன்னால் தயிர்சாதம்தான் மிஞ்சும். எழுந்திருக்க இரவு பத்தாகிவிடும். ஏற்காட்டுக்காரர்கள் கடைசிப் பேருந்தை நம்ப வேண்டாம். இருபது கொண்டை ஊசி வளைவுகளை, அதுவும் பனிமூட்ட மாதங்களில், விருந்துக்குப் பிறகு ஓட்டவும் வேண்டாம். அன்றிரவு சேலத்திலேயே தங்கிவிடுங்கள், மற்ற வகை லாட்ஜில்.

10. சான்றிதழ் வந்ததும்

மூன்றாம் படி முடிந்தபின் கிராண்ட் லாட்ஜிலிருந்து சான்றிதழ் வரும். எனக்கு நான்கு மாதம் ஆனது. வெளியூர் லாட்ஜுக்குப் போகும்போது இதையும், சந்தா பாக்கியில்லை என்ற சீட்டையும் காட்டச் சொல்வார்கள். வாங்கியதும் கையெழுத்திடுவதற்கு முன் பெயரை ஆதாரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். என் சான்றிதழில், நான் முதல் படிவத்தில் தவறாக எழுதி, அடித்துத் திருத்திக் கொடுத்த அந்த ஊர்ப் பெயர் அழகான எழுத்தில் அச்சாகி வந்திருந்தது. திருத்தத்துக்கு அனுப்பியிருக்கிறேன், இது ஐந்தாவது மாதம்.